டேட்டாபேஸ் ஸ்டார்ட் ஆகறப்ப படிக்கற கான்ஃபிக் ஃபைல்: நம்ம பக்கம் அடிக்கடி கேக்கற கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மாங்கா மண்டி பில்லிங், எடைமேடை, ஸ்கூல் ஃபீஸ், கிளினிக் டோக்கன்னு ஓடற சாஃப்ட்வேர் நிறையத்துக்கு அடியில மைஎஸ்கியூஎல், மரியாடிபி இல்லன்னா போஸ்ட்கிரெஸ்ங்கற டேட்டாபேஸ் தான் உக்காந்திருக்கு. பென்னாகரத்துல ஒருத்தர் கேட்ட அதே கேள்விய அடுத்த வாரம் ஊத்தங்கரையில இன்னொருத்தர் கேக்கறாரு, ஒவ்வொரு தடவையும் போன்ல சொல்லிட்டு இருக்கறதுக்கு எழுதியே வெச்சிடலாம்னு தோணுச்சு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, செட்டிங் பேரெல்லாம் இங்க தமிழ் எழுத்துல, நடுவுல இடம் விட்டு எழுதியிருக்கேன், ஃபைல்ல டைப் பண்றப்ப இங்கிலீஷ்ல, இடம் விட்ட இடத்துல அண்டர்ஸ்கோர் போட்டு எழுதணும்.

கான்ஃபிக் ஃபைல்னா என்னங்க? அது இல்லாம டேட்டாபேஸ் ஓடாதா?

நோட்பேட்ல தொறந்து படிக்கற சாதா டெக்ஸ்ட் ஃபைல் தான். எந்த போர்ட்ல (மத்த மெஷின் வந்து பேசற நெட்வொர்க் கதவு நம்பர்) கேக்கணும், டேட்டா எந்த ஃபோல்டர்ல இருக்கு, எவ்ளோ ரேம் எடுத்துக்கலாம், எத்தன பேர் ஒரே நேரத்துல உள்ள வரலாம், இதெல்லாம் அதுல இருக்கும். சர்வர் எழுந்திருக்கறப்ப ஒரு தடவ படிக்கும், அப்புறம் தானா அந்தப் பக்கம் திரும்பாது.

மைஎஸ்கியூஎல்லுக்கு ஃபைலே இல்லன்னாலும் எழுந்துடும், 3306 போர்ட், 128 எம்பி பஃபர் பூல் (அடிக்கடி எடுக்கற டேட்டாவ ரேம்லயே வெச்சுக்கற இடம்), 151 கனெக்‌ஷன்னு அதுக்குன்னு சொந்தமா ஒரு கணக்கு உள்ளயே இருக்கு. போஸ்ட்கிரெஸ் அப்படி இல்ல, போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல் டாட் கான்ஃப் கெடைக்கலன்னா ஸ்டார்ட்டே ஆகாது.

ஃபைல மாத்தி சேவும் பண்ணிட்டேன், ஒண்ணுமே மாறலயே?

அதிகமா வர்ற கேள்வி இதான். காரணம் பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணா தான் இருக்கும். ஒண்ணு, ரீஸ்டார்ட் பண்ணியிருக்க மாட்டீங்க. பில்லிங் விண்டோவ க்ளோஸ் பண்ணி திரும்ப தொறக்கறத ரீஸ்டார்ட்னு நெனச்சிட்டு இருக்காங்க, அது இல்லீங்க, பின்னாடி ஓடற டேட்டாபேஸ் சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணணும். விண்டோஸ்ல சர்வீசஸ் லிஸ்ட்ட தொறந்து மைஎஸ்கியூஎல்80 மாதிரி பேர் இருக்கும் பாருங்க, அதுமேல ரைட் கிளிக் பண்ணா ரீஸ்டார்ட் வரும். சீசன் நேரத்துல கவுண்டர்ல லாரி நிக்கறப்ப பண்ணிடாதீங்க, அந்த நேரத்துல பில் போட்டுட்டு இருக்கற எல்லாருக்கும் கனெக்‌ஷன் அறுந்துடும்.

இன்னொண்ணு, நீங்க மாத்துன ஃபைல சர்வர் படிக்கவே இல்ல. ரெண்டாவது தான் ஜாஸ்தி. அதனால எந்த வேல்யூவ மாத்தறதுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி எந்த ஃபைல படிக்குதுன்னு மொதல்ல கண்டுபுடிங்க, கீழ இருக்கற பாதி கேள்விக்கு பதிலே அதுல வந்துடும்.

சரி, என் மெஷின்ல எந்த ஃபைல படிக்குதுன்னு எப்படி பாக்கறது?

விண்டோஸ்ல மைஎஸ்கியூஎல் இன்ஸ்டாலர் வழியா போட்டிருந்தா ஃபைல் பேர் மை டாட் ஐஎன்ஐ, இருக்கற இடம் சி டிரைவ்ல ப்ரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குள்ள மைஎஸ்கியூஎல் சர்வர் ஃபோல்டர். ப்ரோகிராம்டேட்டா மறைஞ்சு கெடக்கற ஃபோல்டர், அது கண்ணுக்குத் தெரியாததால நம்ம ஆளுங்க ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள்ள போயி அங்க ஒரு மை டாட் ஐஎன்ஐ புதுசா உருவாக்கி அத மாத்திட்டு மாறலயேன்னு உக்காந்திருப்பாங்க. சந்தேகமே வேணாம்னா சர்வீசஸ்ல அந்த சர்வீஸோட ப்ராப்பர்ட்டீஸ தொறங்க, எக்ஸிக்யூட்டபிள் பாத்னு ஒரு நீளமான வரி இருக்கும், அதுல டிஃபால்ட்ஸ் ஃபைல்னு போட்டு எந்த ஃபைல் பேர் எழுதியிருக்கோ அத தான் படிக்கும், மத்த இடத்துல நீங்க வெச்ச மை டாட் ஐஎன்ஐ எதையும் கண்டுக்காது.

எக்ஸாம்ப் (வெப் சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் ஒரே இன்ஸ்டாலர்ல சேந்து வர்ற பொட்டலம்) போட்டிருந்தா கதை வேற. அதுல இருக்கறது மைஎஸ்கியூஎல்னு பட்டன்ல எழுதியிருந்தாலும் உள்ள ஓடறது மரியாடிபி, ஃபைல் எக்ஸாம்ப் ஃபோல்டர், மைஎஸ்கியூஎல், பின்னு போனா கெடைக்கும். கன்ட்ரோல் பேனல்ல மைஎஸ்கியூஎல் பக்கத்துல இருக்கற கான்ஃபிக் பட்டன அமுத்துனா வர்ற லிஸ்ட்ல அதே மை டாட் ஐஎன்ஐ இருக்கும்.

லினக்ஸ்ல வரிசையா ஒவ்வொரு இடமா போயி பாக்கும். மொதல்ல எட்சி ஃபோல்டர்ல இருக்கற மை டாட் சிஎன்எஃப், அப்புறம் எட்சிக்குள்ள மைஎஸ்கியூஎல் ஃபோல்டர்ல இருக்கறது, அப்புறம் இன்னும் சில இடம், கடைசியா யூசரோட ஹோம் ஃபோல்டர்ல இருக்கற புள்ளி வெச்ச மை டாட் சிஎன்எஃப். உபுண்டுல ஆட்டம் இன்னும் கொஞ்சம் சுத்தும், மெயின் ஃபைல்ல ஒண்ணுமே இருக்காது, இந்த ஃபோல்டர்ல இருக்கறதையும் படின்னு சொல்ற இன்க்ளூட்டிர் வரிகள் மட்டும் இருக்கும், உண்மையான செட்டிங் எல்லாம் அது காட்டற ஃபோல்டருக்குள்ள இருக்கற மைஎஸ்கியூஎல்டி டாட் சிஎன்எஃப்ல கெடக்கும். மைஎஸ்கியூஎல்டி கமாண்டோட வெர்போஸ், ஹெல்ப் ரெண்டையும் சேத்து போட்டா எந்த வரிசையில எந்த ஃபைலெல்லாம் படிக்கும்னு ஆரம்பத்துலயே அதுவே சொல்லிடும்.

மைஎஸ்கியூஎல் 8.0 இல்லன்னா அதுக்கு மேல இருந்தா இன்னும் நல்ல வழி இருக்கு. பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவுல வேரியபிள்ஸ் இன்ஃபோனு ஒரு டேபிள், ஒவ்வொரு செட்டிங்கும் எந்த ஃபைல்ல இருந்து வந்துச்சுன்னு பாத்தோட காட்டும். போஸ்ட்கிரெஸ்ல இன்னும் சுலபம், ஷோ கான்ஃபிக் ஃபைல்னு அடிச்சா பாத் வந்துடும், பிஜி செட்டிங்ஸ் வியூவுல பாத்தா எத்தனாவது வரில இருந்து எடுத்துச்சுங்கறது வரைக்கும் சொல்லும். இந்த ஒரு விஷயத்துல மைஎஸ்கியூஎல்ல விட போஸ்ட்கிரெஸ் தான் கெட்டிக்காரன்னு நான் சொல்லுவேன்.

ஒரே செட்டிங் ரெண்டு ஃபைல்ல வேற வேற வேல்யூவோட இருந்தா எது செல்லும்?

கடைசியா படிச்சது. ஒரே ஃபைல்லயே ரெண்டு தடவ எழுதியிருந்தாலும் கீழ இருக்கறது தான் செல்லும், போஸ்ட்கிரெஸுக்கும் இதே சட்டம்.

இதுல யாருக்கும் தெரியாம ஒரு ஃபைல் ஒளிஞ்சிருக்கு. மைஎஸ்கியூஎல் 8.0ல செட் பெர்சிஸ்ட்னு கமாண்ட் குடுத்தா அந்த வேல்யூவ டேட்டா ஃபோல்டருக்குள்ள மைஎஸ்கியூஎல்டி-ஆட்டோ டாட் சிஎன்எஃப்னு ஒரு ஃபைல்ல எழுதி வெச்சிடும். எல்லாத்துக்கும் கடைசியா தான் அத படிக்கும், அதனால மை டாட் ஐஎன்ஐல நீங்க எத்தன தடவ மாத்துனாலும் அது மேல ஏறி உக்காந்துடும், கமாண்ட் லைன்ல குடுத்தத கூட மீறிடும். முன்னாடி வேல பாத்த ஆள் என்னைக்கோ ஒரு பெர்சிஸ்ட் போட்டுட்டு போயிருப்பாரு, நீங்க ரெண்டு நாள் மண்டைய பிச்சுக்குவீங்க. ரீசெட் பெர்சிஸ்ட் போட்டு எடுங்க, ஃபைல கையால தொடாதீங்க. போஸ்ட்கிரெஸ்லயும் இதே மாதிரி உண்டு, 9.4ல இருந்து ஆல்டர் சிஸ்டம்னு போட்டா போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல் டாட் ஆட்டோ டாட் கான்ஃப்ல போயி விழும், அதுவும் கடைசியா தான் படிக்கப்படும்.

ஆனா பிஜி ஹெச்பிஏ டாட் கான்ஃப்னு போஸ்ட்கிரெஸ்ல யார் உள்ள வரலாம்னு சொல்ற ஃபைல் ஒண்ணு இருக்கே, அது தலைகீழ். மேல இருந்து பாத்துட்டே வரும், மொதல்ல பொருந்துற வரி எதுவோ அதோட நிறுத்திக்கும். மேல ரிஜெக்ட் இருந்து கீழ நீங்க அனுமதி எழுதினா கதவு தொறக்காது.

நோட்பேட்ல எடிட் பண்ணதுக்கு அப்புறம் சர்வரே எழுந்திருக்கலங்க!

பதறாதீங்க, டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. மொதல்ல எரர் லாக பாருங்க, டேட்டா ஃபோல்டர்ல கம்ப்யூட்டர் பேரோட டாட் இஆர்ஆர்னு முடியற ஃபைல் இருக்கும். கடைசி வரிகள்ல எந்த செட்டிங் புடிக்கலன்னு அதுவே சொல்லியிருக்கும், நூத்துக்கு தொண்ணூறு பேர் அத படிக்காமலே போன் பண்றாங்க.

முதல் வரில குரூப் (சதுர அடைப்புக்குறிக்குள்ள [mysqld] மாதிரி எழுதற தலைப்பு) இல்லாம ஆப்ஷன் இருக்குன்னு சொல்லுது, ஆனா முதல் வரி பாத்தா சரியா தான் இருக்குன்னா, அது பிஓஎம். நோட்பேட்ல யுடிஎஃப்-8 வித் பிஓஎம்னு சேவ் ஆனா ஃபைலோட தலையில கண்ணுக்குத் தெரியாத மூணு பைட் ஒட்டிக்கும், மைஎஸ்கியூஎல்லுக்கு அது குப்பையா தெரியும். பிஓஎம் இல்லாம, இல்லன்னா ஆன்சின்னு சேவ் பண்ணுங்க. அப்புறம் ஃபைல் பேர் மை டாட் ஐஎன்ஐ டாட் டிஎக்ஸ்டின்னு ஆயிருக்கான்னு பாருங்க, எக்ஸ்டென்ஷன மறைச்சு வெச்சிருந்தா தெரியாது.

பாத் எழுதறப்ப பேக்ஸ்லாஷ் போடாதீங்க. பேக்ஸ்லாஷோட எஸ் வந்தா அத இடைவெளின்னு எடுத்துக்கும், டி (t, d இல்ல) வந்தா டேப்னு எடுத்துக்கும். டேட்டா ஃபோல்டர் பேர் எஸ்லயோ டிலயோ ஆரம்பிச்சா அப்பவே போச்சு. ஃபார்வர்ட் ஸ்லாஷ் போடுங்க, விண்டோஸ்லயும் வேலை செய்யும்.

அளவு எழுதற விதமும் ரெண்டுக்கும் வேற. மைஎஸ்கியூஎல்ல 1ஜி, 512எம்னு ஒத்த எழுத்து தான். போஸ்ட்கிரெஸ்ல 1ஜிபி, 512எம்பின்னு முழுசா எழுதணும், வெறும் ஜி ஒத்துக்காது. ஒண்ணுமே போடாம ஷேர்ட் பஃபர்ஸ் (போஸ்ட்கிரெஸோட பஃபர் பூல் மாதிரி) 1024ன்னு மட்டும் எழுதினா 1024 எம்பின்னு நெனச்சுக்காதீங்க, அது 8 கேபி துண்டுக் கணக்கு, மொத்தமே 8 எம்பி தான் வரும்.

வெர்ஷன் மாத்துனோம், பழைய மை டாட் ஐஎன்ஐய காப்பி பண்ணி போட்டோம், எழுந்திருக்க மாட்டேங்குது

பழைய ஃபைல்ல கொயரி கேஷ் சைஸ்னு ஒரு வரி இருக்கும் பாருங்க. 8.0ல கொயரி கேஷையே எடுத்துட்டாங்க, தெரியாத வேரியபிள்னு சொல்லி நின்னுடும். வரிக்கு முன்னாடி ஹேஷ் போட்டு கமெண்ட் ஆக்குங்க. இருந்தா எடுத்துக்க, இல்லன்னா விடுன்னு சொல்ல ஒரு வழியும் இருக்கு, பேருக்கு முன்னாடி லூஸ்னு சேத்தா எரர் ஆகாம வார்னிங்கோட போயிடும். 8.0.16ல இருந்து வேலிடேட் கான்ஃபிக்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, சர்வர எழுப்பாமலே ஃபைல் சரியா இருக்கான்னு பாத்து சொல்லும், மாத்தறதுக்கு முன்னாடி அத ஓட்டிப் பாருங்க.

லோயர் கேஸ் டேபிள் நேம்ஸ மட்டும் நடுவுல மாத்தப் பாக்காதீங்க, 8.0ல டேட்டா ஃபோல்டர மொத மொதல்ல உருவாக்கறப்ப வெச்சது தான், அப்புறம் மாத்துனா ஸ்டார்ட் ஆகாது.

விவசாயிங்க பேர தமிழ்ல அடிச்சா எல்லாம் கேள்விக்குறியா வருதே?

5.7 வரைக்கும் மைஎஸ்கியூஎல்லோட டிஃபால்ட் கேரக்டர் செட் (எழுத்த எப்படி சேவ் பண்றதுங்கற முறை) லேட்டின்1, அதுல தமிழுக்கு இடமே இல்ல. 8.0ல இருந்து டிஃபால்ட்டே யுடிஎஃப்8எம்பி4. பழசுல இருக்கறவங்க மைஎஸ்கியூஎல்டி குரூப்புக்கு அடியில கேரக்டர் செட் சர்வர்னு போட்டு யுடிஎஃப்8எம்பி4 எழுதணும். நெட்ல பழைய பதில் பாத்துட்டு டிஃபால்ட் கேரக்டர் செட்னு அதே குரூப்ல போடுவாங்க, 5.5லயே அத சர்வர்ல இருந்து எடுத்துட்டாங்க, போட்டா எழுந்திருக்காது, அது கிளையன்ட் குரூப்புக்கு மட்டும் தான். யுடிஎஃப்8னு சும்மா போட்டா தமிழ் வரும், ஏன்னா தமிழ்ல ஒவ்வொரு யூனிகோட் குறியும் மூணு பைட் தான், ஆனா யாராவது குறிப்புல ஒரு எமோஜி போட்டா நாலு பைட், அங்க மாட்டிக்கும்.

ஒரு கசப்பான விஷயமும் சொல்லிடறேன். இந்த வரிய போட்டா இனிமே உருவாக்கற டேட்டாபேஸுக்கு தான் செல்லும், இருக்கற டேபிளுக்கு ஆல்டர் டேபிள் போட்டு கன்வர்ட் பண்ணணும். ஏற்கனவே கேள்விக்குறியா சேவ் ஆன பேரு கேள்விக்குறி தான், அது திரும்பி வராது, நோட்டுப் புக்க பாத்து திரும்ப அடிக்கணும்.

8 ஜிபி ரேம் இருக்கு, பஃபர் பூல் எவ்ளோ வைக்கலாம்?

டேட்டாபேஸுக்குன்னே தனி மெஷின்னா முக்கால்வாசி வரைக்கும் குடுக்கலாம். ஆனா நம்ம கடைங்கள்ல அதே மெஷின்ல தான் பில்லிங், குரோம், வாட்ஸ்அப் வெப், சில சமயம் டேலியும் ஓடுது, அங்க 1ஜியில இருந்து 2ஜிக்குள்ள வைங்க. மொத்த டேட்டாவே 300 எம்பி தான்னா 4ஜி குடுத்து என்ன ஆகப்போகுது. எக்ஸாம்ப்ல 16எம் தான் போட்டு வெச்சிருப்பாங்க, அத ஏத்தினாலே ரிப்போர்ட் வர்ற வேகம் தெரியும். போஸ்ட்கிரெஸ்ல ஷேர்ட் பஃபர்ஸ் தனி மெஷின்ல கால்வாசின்னு ஆரம்பிப்பாங்க.

அடிக்கடி கரண்ட் போகுது, அதுக்கு இந்த ஃபைல்ல ஏதாவது பண்ண முடியுமா?

மொதல்ல யூபிஎஸ் வாங்குங்க, அப்புறம் ஃபைல பேசுவோம்.

இன்னோடிபி ஃப்ளஷ் லாக் அட் டிஆர்எக்ஸ் கமிட்னு ஒரு செட்டிங், டிஃபால்ட் 1. ஒவ்வொரு பில்லும் சேவ் ஆனதும் டிஸ்க்ல எழுதி முடிச்ச பிறகு தான் சரின்னு சொல்லும். வேகம் வேணும்னு இத 2 இல்லன்னா 0ன்னு வைக்கச் சொல்லி நிறைய இடத்துல எழுதியிருக்காங்க. வெச்சா டிஸ்க்குக்கு எழுதறது ஏறக்குறைய செகண்டுக்கு ஒரு தடவ தான், கரண்ட் போன நேரத்துல அந்த ஒரு செகண்ட்ல போட்ட பில் காணாமப் போகும். பட்டுக்கூடு ஏலம் மாதிரி பணம் கை மாறுற இடத்துல 1லயே விடுங்க, என் கருத்து அதான். போஸ்ட்கிரெஸ்ல சிங்க்ரனஸ் கமிட்ட ஆஃப் பண்ணா கடைசி சில பில் போகலாம், டேட்டாபேஸ் உடையாது. எஃப்சிங்க்க ஆஃப் பண்ணா மொத்தமே உடையலாம், அந்தப் பக்கமே போகாதீங்க.

கரண்ட் போயி எழுந்திருக்காம நின்னுடுச்சுன்னா இன்னோடிபி ஃபோர்ஸ் ரிகவரின்னு ஒண்ணு இருக்கு, 1ல இருந்து 6 வரைக்கும். அதுக்கு முன்னாடி டேட்டா ஃபோல்டர் முழுசையும் வேற டிரைவ்ல காப்பி பண்ணுங்க. அப்புறம் 1 போட்டு ஸ்டார்ட் ஆகுதான்னு பாருங்க, ஆகலன்னா 2, 3. 4 இல்லன்னா அதுக்கு மேல போனா டேட்டா நிரந்தரமா கெடலாம். எழுந்த உடனே டம்ப் (டேபிளையும் டேட்டாவையும் தனி ஃபைலா வெளிய எடுக்கறது) எடுத்துட்டு அந்த வரிய நீக்கிடுங்க, அது இருக்கற வரைக்கும் புது பில் போட விடாது. ஐபிடேட்டா1 ஃபைல டிலீட் பண்ணா சரியாயிடும்னு ஏதோ வீடியோவுல பாத்தேன்னு ஒருத்தர் சொன்னாரு. பண்ணா சர்வர் எழுந்தாலும் உள்ள இருந்த டேபிள் இருக்காது.

பக்கத்து கவுண்டர்ல இருந்து கனெக்ட் ஆக மாட்டேங்குது

உபுண்டுல மைஎஸ்கியூஎல்லோட பைண்ட் அட்ரஸ் 127.0.0.1ன்னு வெச்சே வரும், அதே மெஷின்ல இருந்து மட்டும் தான் பேசும். சர்வரோட லேன் ஐபிய அங்க போடுங்க. போஸ்ட்கிரெஸ்ல லிசன் அட்ரஸஸ், அதுவும் லோக்கல்ஹோஸ்ட்னு தான் ஆரம்பிக்கும், கூடவே பிஜி ஹெச்பிஏல 192.168.1.0/24 மாதிரி உங்க நெட்வொர்க்குக்கு ஒரு வரி வேணும். அதுக்கப்புறமும் வரலன்னா விண்டோஸ் ஃபயர்வால், இல்லன்னா அந்த யூசருக்கு லோக்கல்ஹோஸ்ட் உரிமை மட்டும் குடுத்திருப்பாங்க, அது ஃபைல் விஷயமே இல்ல.

0.0.0.0ன்னு போட்டு ரவுட்டர்ல போர்ட்டையும் தொறந்து விட்டுட்டு ஓசூர் ஆபீஸ்ல இருந்து பாத்துக்கலாம்னு சில பேர் பண்றாங்க. 2017 ஜனவரில பாஸ்வேர்ட் இல்லாம இன்டர்நெட்ல தொறந்து கெடந்த மாங்கோடிபி சர்வர்கள்ல ஆயிரக்கணக்குல புகுந்து டேட்டாவ அழிச்சுட்டு பிட்காயின் கேட்டாங்க. விபிஎன் போட்டு பண்ணுங்க.

பெரிய பேக்கப் இம்போர்ட் பண்றப்ப சர்வர் ஓடிப்போச்சுன்னு வருது

மேக்ஸ் அலவ்ட் பாக்கெட் பத்தல. எக்ஸாம்ப் ஃபைல்ல 1எம் தான் இருக்கும், 64எம் வைங்க, ரீஸ்டார்ட் பண்ணுங்க.

பில் தேதி ஒரு நாள் முன்னாடி விழுது, அதுவும் எல்லா பில்லும் இல்ல

விடியக்காலம் வர்ற லாரியோட பில் மட்டும் தானே? சர்வர் கிளவுட்ல இருந்தா அங்க மணி பெரும்பாலும் யுடிசில (உலகப் பொது நேரம்) ஓடும், நமக்கும் அதுக்கும் அஞ்சரை மணி நேரம், அதனால ராத்திரி 12ல இருந்து காலைல 5.30க்குள்ள போட்ட பில் எல்லாம் நேத்து கணக்குல போயி சேரும். மைஎஸ்கியூஎல்ல டிஃபால்ட் டைம் ஜோன் '+05:30', போஸ்ட்கிரெஸ்ல டைம்ஜோன் ஆசியா/கொல்கத்தா.

லினக்ஸ்ல பெர்மிஷன் பிரச்சனைன்னு 777 குடுத்தேன், இப்ப ஃபைல படிக்கவே இல்ல

யார் வேணா எழுதலாம்னு விட்ட ஃபைல மைஎஸ்கியூஎல் நம்பாது, படிக்காம தாண்டிட்டு பழைய டிஃபால்ட்டோட எழுந்துடும், லாக்ல ஒரு வார்னிங் மட்டும் இருக்கும். 644 (ஓனர் மட்டும் எழுதலாம், மத்தவங்க படிக்க மட்டும்) குடுங்க.

ரீஸ்டார்ட் பண்ணாம மாத்தவே முடியாதா சார்?

மைஎஸ்கியூஎல்ல செட் குளோபல் போட்டு நிறையத்த ஓடறப்பவே மாத்தலாம், ஆனா அடுத்த ரீஸ்டார்ட்ல மறந்துடும், ஃபைல்லயும் எழுதுங்க. போஸ்ட்கிரெஸ்ல பிஜி ரீலோட் கான்ஃப்னு ஒரு ஃபங்ஷன், ஃபைல திரும்ப படிக்க வைக்கும், பிஜி ஹெச்பிஏவுக்கு அது போதும். போர்ட், ஷேர்ட் பஃபர்ஸ், மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் மாதிரி உள்ளதுக்கு ரீஸ்டார்ட் தான் வழி. பிஜி செட்டிங்ஸ்ல பெண்டிங் ரீஸ்டார்ட்னு ஒரு நெடுவரிசை இருக்கு, எது காத்துட்டு இருக்குன்னு காட்டும்.

ஆரக்கிள், எஸ்கியூலைட்டுக்கெல்லாம்?

ஆரக்கிள்ல எஸ்பிஃபைல்னு பைனரி ஃபைல் ஒண்ணு, அத நோட்பேட்ல தொறந்து சேவ் பண்ணா கெட்டுப்போகும், ஆல்டர் சிஸ்டம் வழியா தான் மாத்தணும். எஸ்கியூலைட்டுக்கு சர்வரே இல்ல, ஸ்டார்ட்டப் ஃபைலும் இல்ல. மாங்கோடிபியோடது யாம்ல் ஃபார்மேட், டேப் கீய தொடாதீங்க, ஸ்பேஸ் பார் மட்டும்.

தினமும் ராத்திரி பேக்கப் எடுக்கறோம், அதுல இந்த ஃபைலும் வந்துடும் தானே?

வராது. மைஎஸ்கியூஎல்டம்ப்போ பிஜி டம்ப்போ எடுக்கறது டேபிளும் டேட்டாவும் தான். உபுண்டுல போஸ்ட்கிரெஸ் கான்ஃபிக் எட்சி ஃபோல்டர்ல தனியா இருக்கறதால பிஜி பேஸ்பேக்கப் எடுத்தா கூட அதுல சேராது. மாத்தறதுக்கு முன்னாடி ஒரு காப்பி, மாத்தி நல்லா ஓடுதுன்னு தெரிஞ்சதும் ஒரு காப்பி, தேதியோட பேர் வெச்சு பேக்கப் போற அதே பென்டிரைவ்ல போட்டுடுங்க. மாத்துன வரிக்கு மேல ஹேஷ் போட்டு யார், எதுக்கு மாத்துனாங்கன்னு ஒரு வரி எழுதுங்க. காப்பிய டேட்டாபேஸ் படிக்கற ஃபோல்டருக்குள்ளயே டாட் சிஎன்எஃப்னு முடியற பேர்ல வெச்சிடாதீங்க, இன்க்ளூட்டிர் அந்தப் பேர்ல முடியற எல்லாத்தையும் சேத்து படிக்கும், உங்க பழைய காப்பியே புது செட்டிங்க மீறிடலாம்.